அந்த 22 பேரில் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லையா?

ஆய்வும் மேற்படிப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கூடலூர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்): எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கடைசி வருட ப்ராஜெக்டுக்காக இங்கே ஒரு எஸ்டேட் பாடியில் (தொழிலாளர் குடியிருப்பில்) 22 பெண் தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தேன். தேயிலைக் காட்டில் கழிப்பறை இல்லாததால் வரும் சிறுநீர்த் தொற்று, கருச்சிதைவு எல்லாம் கேட்டேன். இலை எடை போட்டு முடித்ததும் மேஸ்திரி அண்ணனே எல்லோரையும் வரச் சொன்னார். பேசலாமா என்று வாயால் கேட்டுக்கொண்டேன், ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. கல்லூரியில் எத்திக்ஸ் கமிட்டி கிடையாது, கைடு கையெழுத்து மட்டும்தான். இப்போது அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு பேராசிரியருக்கு மெயில் போட்டதில், ஐஆர்பி (அங்கே எத்திக்ஸ் கமிட்டிக்கு அதுதான் பெயர்) அனுமதி இருந்ததா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். பழைய தேதி போட்டுக் கடிதம் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். கமிட்டி என்பது நடக்கப்போகும் ஆய்வைப் பார்த்து, இது சரி, இதை மாற்று, இதைச் செய்யாதே என்று சொல்வதற்காக இருப்பது. முடிந்துபோன வேலைக்கு ஒழுங்கான எந்தக் கமிட்டியும் அனுமதி தராது, தரவும் முடியாது. பழைய தேதியில் வரும் கடிதம் போலிக் கடிதம். கமிட்டி இல்லாமல் மாணவர் ப்ராஜெக்ட் செய்தது மன்னிக்கக்கூடிய விஷயம், போலிக் கடிதம் அப்படியில்லை; நீங்கள் அங்கே போய் மூன்று வருடம் ஆன பிறகு தெரியவந்தாலும் சீட்டு போய்விடும்.

அவருக்கு நேராகவே எழுதுங்கள். படிப்பின் ஒரு பகுதியாகச் செய்தது, கல்லூரியில் அப்போது கமிட்டி இல்லை, கைடின் மேற்பார்வையில் நடந்தது, சம்மதம் வாய்மொழியாகக் கேட்டேன், இதை எங்கும் பிரசுரிக்கவில்லை என்று நாலு வரி போதும். அவர் கேட்டது உங்களை மடக்குவதற்காக இல்லை. அங்கே அது முதல் கேள்வி, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அலபாமாவில் டஸ்கிகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, நாற்பது வருடம், ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை வைத்து அரசாங்கமே ஒரு ஆய்வு நடத்தியது. அதில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். 1940களிலேயே அதற்கு மருந்தாகப் பென்சிலின் வந்துவிட்டது, ஆனாலும் நோய் முற்றுவதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்த அதிர்ச்சியில்தான் ஆய்வுக்கு உட்படுகிறவர்களைக் காக்க 1974இல் சட்டம் வந்தது, 1979இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. மனிதரை மதிப்பது, நன்மை செய்வது, சுமையையும் பலனையும் நியாயமாகப் பங்கிடுவது என்று அது சொன்ன மூன்றையும் வைத்துத்தான் அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழக ஐஆர்பியும் இன்றைக்கும் விண்ணப்பத்தைப் பார்க்கிறது. நம்மிடமும் இல்லாமல் இல்லை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 1980லேயே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது, இப்போது நடைமுறையில் இருப்பது 2017 வழிகாட்டி. அதன்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர், தலைவர் வெளி நிறுவனத்துக்காரராக இருக்க வேண்டும், மருத்துவமும் ஆராய்ச்சியும் தெரியாத ஒரு சாதாரண ஆளும் இருக்க வேண்டும். சொந்தக் கமிட்டி இல்லாத கல்லூரி இன்னொரு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கல்லூரி அதைச் செய்திருக்கலாம். செய்யாதது உங்கள் குற்றம் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கமிட்டி இல்லாதது அல்ல. ‘ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. மேஸ்திரி கூப்பிடுகிறார். நாளைக்கு எந்தச் செடி வரிசையில் நிற்பது, எடையில் எத்தனை கிலோ கழிப்பது எல்லாம் அவர் கையில். கூடை சுமந்து இறங்கிவந்து, இடுப்பில் கட்டிய தார்ப்பாய்த் துண்டைக்கூட அவிழ்க்காமல் நிற்கிற பெண்ணிடம் கருச்சிதைவு பற்றிக் கேட்கிறீர்கள். அவர் எப்படி மாட்டேன் என்பார்? 22க்கு 22 பேர் சரி என்றது சம்மதத்துக்குச் சாட்சி இல்லை, மறுக்க வழி இல்லை என்பதற்குச் சாட்சி. கோவையில் ஒரு கல்லூரியின் கமிட்டியில் பல வருடம் வெளி உறுப்பினராக இருந்தவள் நான். உங்கள் திட்டம் என்னிடம் வந்திருந்தால், யார் கூப்பிடுகிறார்கள், எங்கே வைத்துப் பேசுகிறீர்கள் என்ற இரண்டைத்தான் கேட்டிருப்பேன், மேஸ்திரியை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பேசச் சொல்லியிருப்பேன்.

எஸ்ஓபியில் (ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையில்) இதை எழுதுங்கள் என்பதுதான் என் யோசனை. தயங்காதீர்கள். சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை என்று ஆரம்பிக்கும் எஸ்ஓபிகளை அவர்கள் கட்டுக்கட்டாகப் பார்க்கிறார்கள். நான் இப்படிச் செய்தேன், அதில் இந்த இடத்தில் தவறு இருந்தது, இனி செய்தால் இப்படி மாற்றுவேன் என்று ஒரு பத்தி எழுதுகிறவரிடம் ஆய்வாளர் ஒருவர் இருப்பது தெரியும். கைடிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும் உள்ளது உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்று அவர் ஒன்று எழுதினால் வம்பு.

மாதிரி எழுத்தாக அந்த ப்ராஜெக்டின் ஒரு அத்தியாயத்தை அனுப்புவதாக இருந்தால் ஜாக்கிரதை. பெயரை மாற்றிவிட்டோமே என்று நினைப்போம். ‘38 வயது, தாயகம் திரும்பிய குடும்பம், மூன்று முறை கரு கலைந்தவர், கணவர் ஃபேக்டரியில் வேலை’ என்று எழுதினால் அந்தப் பாடியில் அது யார் என்று தெரியாத குழந்தை உண்டா? வயது, குடும்பம், எஸ்டேட் இருக்கும் இடம், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பேட்டிகளைப் பின்னால் பிஎச்.டி.யில் பயன்படுத்த ஆசை வந்தால், ஃபைலைத் திறப்பதற்கு முன்னாலேயே புதுப் பல்கலைக்கழக ஐஆர்பியிடம் கேளுங்கள், பழைய தகவலைப் பயன்படுத்துவதற்கு அவர்களிடம் தனி வழி உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஒரு நாள், மேஸ்திரி இல்லாமல், அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய் என்ன எழுதினீர்கள் என்று படித்துக்காட்டிவிட்டு வாருங்கள். எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி அருகே ஓர் இருளர் கிராமம், பி.ஏ. முடித்த இளைஞர்): எங்கள் ஊருக்கு வருடா வருடம் யாராவது வருகிறார்கள். கேள்வி கேட்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போன வருடம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? நானே மேலே படித்து எங்கள் மக்களைப் பற்றி ஆய்வு செய்யவும் ஆசை.

பதில்: தம்பி, உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு, அதற்காக மருந்தோ ரேஷனோ எதுவும் நிற்கக்கூடாது.

இந்த மலையில் இது பழைய கதை. 1901-02இல் தோதவர்களிடம் வந்து தங்கிய ஆங்கில அறிஞர் ரிவர்ஸ் அவர்களுடைய மந்துகளையும் (குடியிருப்புகளையும்) சடங்குகளையும் பற்றி நுணுக்கமாகக் கேட்டு எழுதினார். அவருக்கு மறைபொருளைச் சொன்னவர்களுக்கு நோயும் சாவும் வந்ததாகவும், வெளியாளிடம் சொன்னதுதான் காரணம் என்று மக்கள் நினைத்ததாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார். புத்தகம் உலகப் புகழ் பெற்றது, சொன்னவர்கள் பயத்தோடு இருந்தார்கள். 1952இல் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது, மருத்துவ உலகுக்கு அது பெரிய செய்தி. அரசு அதற்கென்று தேசிய இயக்கம் தொடங்கியது 2023இல். இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரத்தம் விஷயத்தில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுப்பாய் மக்களின் கதை உங்களுக்குத் தெரிய வேண்டும். 1990இல் தொடங்கி, சர்க்கரை நோய் ஆய்வு என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ரத்தம் வாங்கினார்கள். அப்புறம் அதே ரத்தத்தை வைத்து மனநோய், உறவுக்குள் திருமணம், அவர்கள் எங்கிருந்து குடியேறியவர்கள் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். 2003இல் அங்கே அந்த ரத்தத்தை வைத்துச் செய்த ஒரு பிஎச்.டி.யின் வாய்மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்திருந்த அந்த இனத்துப் பெண் ஒருவர், இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

அதனால் ஊசி ஏறுவதற்கு முன்னால் கேளுங்கள்: கமிட்டி அனுமதிக் கடிதத்தின் நகல் எங்கே, எதற்காக எடுக்கிறீர்கள், மீதி ரத்தத்தை என்ன செய்வீர்கள், ரிசல்ட்டை யார் எப்போது கொண்டுவந்து சொல்வார்கள், பிரச்சினை என்றால் கமிட்டியில் யாருக்குப் போன் செய்வது. இதெல்லாம் தமிழில் எழுதிய தகவல் தாளில் இருக்க வேண்டும், அந்தத் தாள் உங்களிடமே இருக்க வேண்டும். போன வருடம் எடுத்தவர்களின் தாள் யார் வீட்டிலாவது இருந்தால் அதிலுள்ள எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். மூப்பர் சரி என்றாலும் போதாது, ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரி சொல்ல வேண்டும், பிள்ளைகள் என்றால் பெற்றோர். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஒரு தடுப்பூசி ஆய்வில் பழங்குடி மாணவிகள் பலருக்கு விடுதிக் காப்பாளரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

என் கண்ணால் பார்த்தது ஒன்று. நாங்கள் அனுமதி கொடுத்த ஓர் ஆய்வு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு முறை மலைக்கு வந்தோம். படிவம் நாலு பக்கம், எல்லாம் ‘பங்கேற்பாளர் தன்னிச்சையாக’ என்கிற தமிழ். மாணவி கடகடவென்று படித்து முடித்தார். ஒரு பாட்டி மை தடவிய கட்டைவிரலைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, “இதுல வெச்சா ரேஷன் கார்டு போயிடாதே?” என்றார். அந்தப் படிவத்துக்கு அனுமதி கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கே அதை ஒரு பக்கமாக்கி, பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னோம்.

நீங்கள் ஆய்வு செய்ய வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். முதலில் எம்.ஏ. சேருங்கள், அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வெளிநாடு என்றால் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் வருடத்துக்கு 20 பேருக்கு உண்டு. ஒன்று மட்டும். சொந்த ஊர் என்பதால் நீங்கள் கேட்காமலே எல்லோரும் சொல்வார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் உங்களிடம் மாட்டேன் என்று சொல்வது வெளியாளிடம் சொல்வதைவிடக் கஷ்டம்.

கேள்வி (கொடைக்கானல், எம்.ஏ. தமிழ் மாணவி): பளியர் பெரியவர்களிடம் பாட்டும் கதையும் பதிவு செய்யப்போகிறேன். இது மருத்துவம் இல்லையே, கமிட்டி எதற்கு?

பதில்: அமெரிக்காவிலேயே 2017இல் திருத்திய விதிப்படி, குறிப்பிட்ட ஒருவரின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுக்கு ஐஆர்பி தேவையில்லை. ஆனாலும் உங்கள் துறையில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு மேற்படிப்புக்குப் போகும்போது உதவும். கமிட்டி வேண்டாம் என்றால் அனுமதியும் வேண்டாம் என்று ஆகாது. இங்கே பாட்டுக்காரரின் பெயரை மறைப்பதுதான் தவறு, போட வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். யூடியூபில் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். சாவு வீட்டில் மட்டும் பாடுகிற பாட்டு என்று அவர் சொன்னால் ரெக்கார்டரை அணைத்துவிடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, ஒரு தாய்): மகள் மூன்று வருட பி.எஸ்சி. சைக்காலஜி. அமெரிக்காவில் மேலே படிக்க வேண்டும் என்கிறாள். இருக்கிற அரை ஏக்கர் தேயிலையை விற்க வேண்டியிருக்குமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அங்கே மாஸ்டர்ஸ் என்றால் பெரும்பாலும் கைக்காசு. பிஎச்.டி. என்றால் நல்ல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கவோ ஆய்வில் உதவவோ சம்பளமும் தருவார்கள். மூன்று வருடப் பட்டத்தைச் சில இடங்களில் ஏற்கிறார்கள், சில இடங்களில் இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மெயில் போட்டுக் கேட்டுவிடச் சொல்லுங்கள், கட்டண விலக்கும் அதிலேயே கேட்கலாம். இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. அதில் ஒரு ஆய்வை, ஒழுங்காகக் கமிட்டி அனுமதி வாங்கி, தன் கையால் செய்து முடித்திருந்தால் சைக்காலஜிக்கு அது பெரிய பலம். அங்கே பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பம் முடியும். நிதியோடு இடம் தருகிற பல்கலைக்கழகங்களில் பல, ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தரும். எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதிய கடிதம் கையில் வரட்டும், தோட்டத்துப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.