ஜப்பானிய மொழியில் 'தெகிரு' (முடியும்) வருகிற இடத்திலெல்லாம் 'உரு' போடலாமா?

போடக்கூடாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (ஜே.எல்.பி.டி.) என்-2 நிலைக்குப் படிக்கத் தொடங்கியதும் பலருக்கும் வருகிற சந்தேகம் இது. 'உரு' என்றால் 'முடியும்' என்று ஒரே சொல்லில் பொருள் எழுதி வைத்துக்கொள்வதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகவே பிடிபடும். "என்னால் நீந்த முடியும்" என்கிறோம். "மழை பெய்யக்கூடும்" என்கிறோம். மழையால் பெய்ய முடியும் என்று யாரும் சொல்வதில்லை. 'தெகிரு' முதல் வகை, 'உரு' பெரும்பாலும் இரண்டாம் வகை. அதனால்தான் 'அரு' (இருத்தல்), 'ஒகொரு' (நிகழ்தல்) போன்ற, யார் விருப்பத்துக்கும் கட்டுப்படாத வினைகளோடு அது இயல்பாகச் சேர்கிறது. ஜப்பானின் தெற்குக் கடலோரத்தில் உள்ள நன்காய் அகழியில் பெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்று எழுத 'ஒகொரி உரு' பொருத்தமாக இருக்கும். 'தெகிரு' அங்கே நுழையவே முடியாது. மாறாக, "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்ல 'ஒயொகி உரு' என்றால் கேட்பவர் விழிப்பார்.

மனிதர் செய்யும் செயல்களோடும் 'உரு' வரும். 'கங்கஎ உரு' என்றால் 'எண்ணிப் பார்க்கக்கூடிய'. அங்கேயும் பேச்சு ஒருவருடைய திறமையைப் பற்றியது அல்ல, சாத்தியத்தின் எல்லையைப் பற்றியது.

வடிவத்தில்தான் உண்மையான சிக்கல். வினையின் மரியாதை வடிவமான 'மஸு' வடிவத்தில் 'மஸு'வை நீக்கிவிட்டு 'உரு' சேர்க்க வேண்டும். 'எரு' என்றும் சொல்லலாம். 'அரி உரு', 'அரி எரு' (இருக்கக்கூடும்) இரண்டும் காதில் விழும். ஆனால் எதிர்மறை 'அரி எனை' (இருக்கவே முடியாது) மட்டுமே. 'மஸு' சேர்ந்தால் 'அரி எமஸு', இறந்தகாலம் 'அரி எத'. இங்கெல்லாம் 'உ' தலைகாட்டாது. பழைய ஜப்பானிய மொழியில் இந்த வினையின் முற்று வடிவம் வெறும் 'உ'. பெயருக்கு முன்னால் வரும்போது 'உரு'. எதிர்மறையிலோ அடி 'எ'. பிற்காலத்தில் பெயருக்கு முன் வரும் வடிவமே வாக்கிய முடிவுக்கும் வந்தது. பிறகு வினை முழுவதும் 'எரு' ஆனது. பழைய 'உரு' இந்தக் கூட்டுகளில் தங்கிவிட்டது. இந்த வரலாறு தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. எனக்கு இலக்கணத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

எழுத்துநடைச் சொல் என்றாலும் 'அரி எனை' அன்றாடப் பேச்சுக்கு வந்துவிட்டது. இளைஞர்கள் "சான்ஸே இல்லை!" என்கிற தொனியில் சொல்வார்கள். 'ஒகொரி உரு' அறிக்கைகளுக்கும் கட்டுரைகளுக்கும் உரியது. நண்பர்களிடம் 'கமொ ஷிரெனை' (இருக்கலாம்) போதும்.

அடுத்த, மிக உயர்ந்த நிலையான என்-1 படிக்கும்போது இதே வினை 'ஒ கின்ஜி எனை' என்று வரும். 'அடக்க முடியவில்லை' என்று பொருள். இதற்கு முன்னால் வினை வராது, உணர்ச்சியைக் குறிக்கும் பெயர்ச்சொல்தான் வரும்: 'இகரி' (கோபம்), 'தோஜோ' (இரக்கம்), 'நமித' (கண்ணீர்). பேசுபவரின் சொந்த உணர்ச்சிக்கே அது உரியது. 'நான்' என்பதைப் பொதுவாக வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். இரங்கல் உரையிலும் தலையங்கத்திலும் கம்பீரமாக இருக்கும். வீட்டில் யாரிடமாவது சொன்னால் மேடைப் பேச்சு போலாகிவிடும்.