லோரோ போரிச்சி: கேளுங்கள், சொல்கிறேன்

அல்பேனியக் கால்பந்தின் லோரோ போரிச்சியைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தேன். இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, சந்தோஷம்.

யார் அண்ணா இவர்?

1922-ல் வடக்கு அல்பேனியாவின் ஷ்கோதர் நகரில் பிறந்த முன்கள ஆட்டக்காரர். முதலில் சொந்த ஊர் அணியான வ்லாஸ்னியா, பிறகு ரோமில் லாசியோ, கடைசியில் தலைநகர் டிரானாவின் ராணுவ அணியான பார்ட்டிசானி. ஆடி முடித்ததும் பார்ட்டிசானிக்கும் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். 1984-ல் காலமானார்.

அந்தக் காலத்திலேயே லாசியோவா? எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள்?

இன்றைய வீரர் சந்தையை வைத்து அன்றைய அல்பேனியாவை அளக்காதீர்கள். 1939 ஏப்ரலில் முசோலினியின் படை அல்பேனியாவைப் பிடித்தது. அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் அல்பேனிய இளைஞர்கள் இத்தாலிய அணிகளில் ஆடினார்கள். ரோமா 1942-ல் இத்தாலிய லீக் பட்டம் வென்றபோது அணியில் நயிம் க்ரியேசியூ இருந்தார். யுவெண்டஸில் ரிசா லுஷ்தா. லாசியோவில் போரிச்சி. போர் முடிந்து என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் எல்லை மூடிக்கொண்டது. அதற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எந்த அல்பேனிய வீரரும் ஒப்பந்தம் போட்டு வெளிநாடு போக வழியில்லை. இத்தாலியின் பெரிய ஆட்டத்தை உள்ளேயிருந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சிலரில் இவர் ஒருவர். பயிற்சியாளராக அவருடைய பலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

பால்கன் கோப்பையை வென்றாரா?

ஆமாம், 1946 அக்டோபரில், டிரானாவில். பின்னாளில் கிளப்புகளுக்காக நடந்த பால்கன் கோப்பை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இது நாடுகளுக்கு இடையிலானது. அணித்தலைவர் போரிச்சி. முதல் ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவிடம் 2-3 என்று தோற்றார்கள். அடுத்து பல்கேரியாவை 3-1, ருமேனியாவை 1-0. புள்ளி சமமாக இருந்ததால், கோல் சராசரியில் (அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது) கோப்பை அல்பேனியாவுக்கு. அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டங்களில் இறங்கிய முதல் மாதத்திலேயே இப்படி!

2016 யூரோவுக்கு (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அணியைக் கொண்டுபோனது இவருடைய சீடர்தானே?

இல்லை. அது இத்தாலியரான ஜியானி டி பியாசி. 2024-க்கு பிரேசிலின் சில்வின்யோ.

1967-ல் மேற்கு ஜெர்மனியுடன் நடந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள் சார்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1968 யூரோ தகுதிச்சுற்று, மூன்றே அணிகள் கொண்ட பிரிவு. யுகோஸ்லாவியா நான்கு ஆட்டங்களையும் முடித்து 6 புள்ளியில் நின்றது. மேற்கு ஜெர்மனிக்கு 4 புள்ளி, ஒரே ஆட்டம் பாக்கி. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற காலம் அது. டிரானாவில் 1-0 என்று ஜெயித்தாலே கோல் கணக்கில் மேலே போய்விடுவார்கள். அதே ஏப்ரலில் டோர்ட்முண்டில் அல்பேனியாவை 6-0 என்று நொறுக்கியிருந்தார்கள், அதில் நான்கு கோல் அவர்களுடைய முன்கள வீரர் கெர்ட் முல்லருடையது.

டிசம்பர் 17, செமால் ஸ்டாஃபா மைதானம். ஆட்டம் 0-0. அல்பேனியாவின் பயிற்சியாளர் போரிச்சி, கோல்காப்பாளர் கோச்சோ டினெல்லா. ஜெர்மனி வெளியே போனது, யுகோஸ்லாவியா உள்ளே போய் இறுதி ஆட்டம் வரை வந்தது. ஜெர்மனியில் இன்றும் இதை 'டிரானா அவமானம்' என்கிறார்கள். எட்டு மாதத்தில் ஆறு கோல் வித்தியாசத்தைச் சுழியமாக்கிய பயிற்சியாளரின் பெயர் அந்தச் சொற்றொடரில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அன்று ஜெர்மனி அணியில் முல்லர் இல்லை, பெக்கன்பவர் இல்லை. இருந்திருந்தால் கதையே வேறு.

இருந்தவர்களையும் எண்ணுங்கள். ஷூல்ட்ஸ், வெபர், ஹொட்கெஸ், ஓவராத், ஹெல்ட். ஐந்து பேரும் 1966 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் வெம்பிளியில் ஆடியவர்கள். கூடவே நெட்சர். இதை இரண்டாம் தர அணி என்று எப்படிச் சொல்வது?

1971-ல் அதே டிரானாவில் முல்லர் இறங்கினார், ஜெர்மனி ஜெயித்தது. இதற்கென்ன பதில்?

நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. 1-0, கோல் முல்லருடையது. முல்லர் இல்லாதது ஒரு காரணம் என்பதை அது காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோ உலகக்கோப்பையில் 10 கோல் அடித்த மனிதருக்கு டிரானாவில் கிடைத்தது ஒன்றே ஒன்று. டோர்ட்முண்டின் நான்கோடு வைத்துப் பாருங்கள். 1965-ல் ஜார்ஜ் பெஸ்ட்டின் வட அயர்லாந்தும் டிரானாவில் 1-1 என்று முடங்கித்தான் உலகக்கோப்பை வாய்ப்பை இழந்தது. டிரானாவுக்குப் போய் ஜெயிப்பது எளிதாக இருந்ததே இல்லை.

தரை மோசமாக இருந்ததாமே?

இரண்டு அணிக்கும் ஒரே தரைதான்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள்?

கணிப்பு எனக்கு வேண்டாம். போரிச்சியைப் பற்றிக் கேளுங்கள்.

அவர் பெயரில் ஏதாவது இருக்கிறதா?

ஷ்கோதரில் வ்லாஸ்னியாவின் மைதானம் லோரோ போரிச்சி மைதானம்தான். 2016 செப்டம்பரில் மாசிடோனியாவுடனான தகுதி ஆட்டம் அங்கே மழையால் நின்று மறுநாள் முடிந்தது, அல்பேனியா 2-1 வெற்றி. ஆனால் 1967-ன் டிரானா மைதானத்தைத் தேடிப் போகாதீர்கள். 2016-ல் இடித்துவிட்டார்கள், அதே இடத்தில் 2019 முதல் புது அரங்கம்.

சார், முல்லர் ஆடியிருந்தால்?

மூன்றாவது முறை கேட்கிறார்கள். மேலே 1971-க்கான பதிலைப் படியுங்கள் தம்பி, அதற்குமேல் என்னிடம் வாதம் இல்லை.