மைனஸ் 20ல் வில் தாங்குமா, தோள் தாங்குமா?

கேள்வி: மூன்று வருடமாகக் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) பழகுகிறேன், 60 பவுண்டு இழுவிசையில் இழுக்கிறேன். கனடாவின் கால்கரியில் இருக்கும் என் மச்சான் நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். மைனஸ் 20 வரை போகுமாம். என் வில் அந்தக் குளிரைத் தாங்குமா? – சிங்கப்பூர் ஈசூன் வாசகர்

வில் தாங்கும். நல்ல நிலையில் உள்ள காம்பவுண்ட் வில்லும் கார்பன் அம்புகளும் அந்தக் குளிரில் உடைந்துவிடாது. சிக்கல் உங்கள் தோளில்தான். மரத்தடியில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, விறைத்த தசையோடு 60 பவுண்டு இழுத்துப் பாருங்கள். பாதியிலேயே கை நடுங்கும். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் அது உங்களுக்கு அதிகம். அந்த அசைவை மான் பார்த்துவிடும்.

அதனால் கிளம்பும் முன்பே 50 பவுண்டு அளவுக்கு இறக்குங்கள். வில்லின் மேல், கீழ்க் கைகளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்த வேண்டும். எத்தனை சுற்று வரை போகலாம் என்பதை வில்லின் கையேட்டில் பாருங்கள். அந்த மாகாணச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசைக்குக் கீழே போய்விடாதீர்கள். இறக்கியதும் அம்பின் வேகம் குறையும். சைட்டை (வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவி) இங்கேயே திரும்பச் சரிசெய்துகொள்ளுங்கள்.

குளிரை இங்கே ஒத்திகை பார்க்க முடியாது, உடையைப் பார்க்கலாம். அங்கே போடப்போகும் கோட்டு, கையுறை, முகமூடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு பயிற்சித் திடலில் எய்து பாருங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். (தண்ணீர் நிறையக் குடியுங்கள், நம் 32 டிகிரியில் மயக்கம் வரும்.) தடித்த சட்டைக்கை நாணில் உரசினால் அம்பு திசைமாறும். கோட்டுக்கு மேலேயே கைக்காப்பு கட்டி அதை அடக்குங்கள். முகமூடி போட்டால், நாணை இழுத்து நிறுத்தும்போது கை கன்னத்தில் படும் இடமும் மாறும். ரிலீஸ் (நாணை விடுவிக்கும் விசைக் கருவி) பிடிக்கும் கையில் மெல்லிய கையுறை போதும். எய்யும் நேரம் வரை அந்தக் கையைச் சூட்டுப் பொட்டலத்தோடு பைக்குள் வையுங்கள். மரத்த விரலுக்கு விசையின் அழுத்தம் தெரியாது. குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். ஏர்கான் எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனிக்கிறதே, அங்கே அது தலைகீழ். குளிர்ந்த வில்லைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் தண்ணீர் பூக்கும். மறுநாள் விடியலில் வெளியே எடுத்தால் அதே தண்ணீர் கேம் சக்கரத்திலும் அம்புத் தாங்கியிலும் பனிக்கட்டியாக நிற்கும். வில்லை மச்சானின் பூட்டிய, சூடேற்றாத கராஜிலேயே விடுங்கள். உள்ளே கொண்டுவந்துதான் ஆக வேண்டுமென்றால், பெட்டியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்து, பிறகு துடையுங்கள். ரிலீஸில் எண்ணெய் இருந்தால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். எண்ணெய் குளிரில் கெட்டியாகும், கிராஃபைட் தூள் ஆகாது. நாணில் குறிபார்க்க இருக்கும் பீப் துளைமேல் மூச்சு விடாதீர்கள், உறைந்துவிடும். தூரமானிக்கு லித்தியம் பேட்டரி போடுங்கள்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அம்பு சீக்கிரம் இறங்கிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அடர்த்தி கூடுவது உண்மை. ஆனால் கால்கரி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் பெரும்பகுதி சமனாகிவிடும். 20 மீட்டர் எய்தலில் அதை நினைக்கவே வேண்டாம். இங்கே 40 மீட்டரில் நன்றாக அடிப்பவராக இருந்தாலும் அங்கே 20க்கு மேல் எய்யாதீர்கள். குறி தப்பினால் காயத்தோடு ஓடுவது மான்தான்.

போய்ச் சேர்ந்ததும், வேட்டைக்கு முந்தின நாள் அதே குளிரில் பத்து அம்பாவது எய்து பாருங்கள். அம்பில்லாமல் நாணை மட்டும் இழுத்து விடக் கூடாது, விறைத்த வில்லில் அறவே கூடாது. வேட்டை உரிமத்தை மச்சான் இப்போதே விசாரிக்கட்டும். வில்லை இங்கிருந்து எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு விமான நிறுவனத்திடமும் நம் காவல்துறை உரிமப் பிரிவிடமும் டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள்.