தொலைந்துபோன டாக்டர் ஹூ கதைகளுக்கு டார்கெட் நாவல்கள் ஈடாகுமா?

பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூவில் பிபிசி அழித்துவிட்ட பழைய பகுதிகளுக்குப் பதிலாக, அந்தக் கதைகளை நாவலாக்கி டார்கெட் பதிப்பகம் வெளியிட்ட புத்தகங்களைப் படித்தால் போதுமா, எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கதை தெரிந்தால் சரி என்றால் தாராளமாகப் போதும். திரையில் என்ன ஓடியது என்று தெரிய வேண்டுமானால், எழுதியவர் யார் என்று பார்க்காமல் புத்தகத்தை நம்ப வேண்டாம்.

முதலில் வரிசை. புத்தக முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து ஆரம்பித்தால் குழம்பிப்போவீர்கள். டார்கெட் வரிசை 1973-இல் தொடங்கியபோது எண்ணே கிடையாது. பல ஆண்டுகள் கழித்து எண் போட முடிவானபோது, அதுவரை வந்திருந்த 73 புத்தகங்களுக்கும் ஆங்கில அகரவரிசைப்படி எண் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் 1967-இல் ஒளிபரப்பான, இரண்டாம் டாக்டரின் (நாயகனான டாக்டராக இரண்டாவதாக நடித்தவரின்) கதையான 'தி அபாமினபிள் ஸ்னோமென்' 1-ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. எண்ணை மறந்துவிட்டு ஒளிபரப்பு வரிசையில் படியுங்கள்.

தலைப்பும் காலை வாரும்; திரையில் ஒரு பெயர், புத்தகத்தில் வேறு பெயர். 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' புத்தகத்தில் 'தி ஆட்டன் இன்வேஷன்'. 'காலனி இன் ஸ்பேஸ்' புத்தகத்தில் 'தி டூம்ஸ்டே வெப்பன்'. பன்னிரண்டு பகுதிகள் ஓடிய 'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' 1989-இல் இரண்டு புத்தகங்களாக வந்தது: 'மிஷன் டு தி அன்நோன்', 'தி மியூட்டேஷன் ஆஃப் டைம்'. முதல் தலைப்பு அதே பெயரில் வந்த ஒற்றைப் பகுதி முன்கதையின் பெயர் என்பதால், அது மட்டும்தான் உள்ளே இருக்கும் என்று பலர் வாங்காமல் விடுகிறார்கள். பெருங்கதையின் முதல் பாதியே அதில்தான் இருக்கிறது.

காணாமல் போனவை எல்லாமே 1964-க்கும் 1969-க்கும் இடைப்பட்டவை, முதல் இரண்டு டாக்டர்களின் காலம். மூன்றாம் டாக்டர் முதல் எல்லாக் கதைகளும் பார்க்கக் கிடைக்கின்றன; அங்கே நாவல் கூடுதல் ருசிக்குத்தான்.

இனி எழுத்தாளர்கள். டெரன்ஸ் டிக்ஸ் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பெரும்பாலும் திரைக்கதையை ஒட்டியே போவார். டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸ் வரும்போதெல்லாம் அதே மூச்சிரைக்கும் முனகல் சத்தம். அலுப்பாக இருக்கலாம், ஆனால் தொலைந்த கதைக்கு நம்பகமான கை. மால்கம் ஹல்க் நேர் எதிர். 'தி கேவ் மான்ஸ்டர்ஸ்' நாவலில் ஊர்வன இனத்தின் கண் வழியாகவே கதையைத் திறக்கிறார், திரையில் இல்லாத ஆழம் அது. ஆனால் அவருடைய 'டூம்ஸ்டே வெப்பன்' டாக்டரின் துணையான ஜோ கிராண்ட்டை அப்போதுதான் டாக்டரைச் சந்திப்பவளாகக் காட்டும். தொலைக்காட்சியில் அவள் முந்தைய கதையொன்றிலேயே வந்துவிட்டாள்.

டேவிட் விட்டேக்கர் 1964-இல் எழுதி, பின்னர் டார்கெட் மறுபதிப்பாக வந்த முதல் டாலெக் (டாக்டரின் எதிரிகளான உலோகக் கூட்டு உயிரினங்கள்) நாவல் இன்னும் மோசம், அல்லது இன்னும் சுவை, உங்கள் மனநிலையைப் பொறுத்து. திரையில் இரண்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவி சூசனைப் பின்தொடர்ந்து பழைய சாமான் கிடங்குக்குப் போவார்கள். நாவலிலோ பார்ன்ஸ் காமனில், மூடுபனியில், ஒரு வாகன விபத்தில் எல்லாம் தொடங்குகிறது. அந்த ஆசிரியர்களில் ஒருவனான இயன்தான் கதையைச் சொல்கிறான். கடைசியில் கண்ணாடியாலான டாலெக் ஒன்றும் வரும்!

உங்கள் கேள்விக்கு மிக முக்கியமான உதாரணம் 'தி மாஸக்கர்'. இதன் நான்கு பகுதிகளும் தொலைந்தவை. ஒளிபரப்புக்கு முன் ஜான் லூகரோட்டியின் திரைக்கதையை டொனால்ட் டாஷ் பெரிதும் திருத்தி எழுதினார். பின்னர் 1987-இல் நாவல் எழுதிய லூகரோட்டி தன் பழைய திட்டத்துக்கே திரும்பிவிட்டார். ஆக, புத்தகத்தில் படிப்பது ஒளிபரப்பான கதையே அல்ல.

இதற்கு வழி இருக்கிறது. படம் போனாலும், அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்ததால் தொலைந்த எல்லாப் பகுதிகளின் ஒலியும் தப்பியது. இடையிடையே விளக்கக் குரல் சேர்த்து பிபிசி அதை வெளியிட்டிருக்கிறது. வாங்கும்போது கவனம்: நாவலை ஒருவர் வாசிக்கும் ஒலிப்புத்தகம் வேறு, இந்த மூல ஒலித்தடம் வேறு. அட்டை பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரு பகுதியின் 25 நிமிட ஒலியைக் கேட்டுவிட்டு, அதற்குரிய அத்தியாயங்களைப் படியுங்கள். வசனமே இல்லாத சண்டை, துரத்தல் காட்சிகளில் ஒலி வெறும் இரைச்சலாக இருக்கும். அங்கேதான் புத்தகம் கை கொடுக்கும்.

'தி மாஸக்கர்' ஒன்றுக்கு மட்டும் ஒலியை நான்கு பகுதியும் முடித்துவிட்டு நாவலைத் தனியாக எடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போனால் எந்தக் காட்சி எதில் வந்தது என்று பிடிபடாது.