கார்டின் பின்பக்கம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

ஆட்டக்காரர் படம் போட்டு மிட்டாயோடும் சிகரெட்டோடும் வந்த பழைய பேஸ்பால் கார்டுகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில் 'அதிர்ஷ்டம் என்கிறார்களே, அதில் முக்கால்வாசி படிப்பு' என்று ஒரு வரி. அந்த வரியோடு எனக்குச் சண்டை.

நான் இருக்கும் ஒஹாயோவிலேயே, டிஃபையன்ஸ் என்கிற ஊரில், 2012இல் ஒரு தாத்தாவின் வீட்டுப் பரணில் எழுநூறு கார்டுகள் கிடைத்தன. எடுத்தவர்களுக்குக் கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மெய்ன் மாநிலத்தில் ஒருவர், வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கும் யார்டு சேலில் கோகோ கோலா பாட்டில், ஓக் நாற்காலிகளோடு ஒரு பழைய போட்டோ ஆல்பத்தையும் வாங்கினார். மொத்தமும் நூறு டாலருக்குள். அதற்குள் இருந்த 1865ஆம் வருஷத்து புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியின் படம் 2013இல் 92,000 டாலருக்கு ஏலம் போனது. இதில் படிப்பு எங்கே சார் இருக்கிறது?

இனி என் கதை. மூன்று வாரம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேல். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போகப் போகிறார். ஒரு ஷூ டப்பா நிறையக் கார்டுகள், 15 டாலர். என் பையன் லிட்டில் லீக்கில், சிறுவர் பேஸ்பால், ஆடுகிறான், அவனுக்காக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஆரஞ்சு நிறப் பின்னணியில் பேஸ்பால் நட்சத்திரம் ஹேங்க் ஆரன். 1954, டாப்ஸ் கம்பெனி கார்டு. மூலைகள் மழுங்கி, நடுவே ஒரு மடிப்பு. இணையத்தில் விலையைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. 'அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க' என்கிறாள் மனைவி. நண்பர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., ஒஹாயோ

அன்புள்ள ச.,

முதலில் ஒரு அடிக்கோலை எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

1954ஆம் வருஷத்து டாப்ஸ் கார்டின் அகலம் இரண்டு அங்குலம் ஐந்து நூல், உயரம் மூன்றே முக்கால் அங்குலம். 1957இல்தான் டாப்ஸ் இன்றைய அளவுக்கு வந்தது, இரண்டரைக்கு மூன்றரை. ஆரனின் அந்த முதல் கார்டை டாப்ஸே பின்னாளில் மறுபதிப்பு செய்திருக்கிறது. அவை பெரும்பாலும் இன்றைய அளவில் இருக்கும். உங்களுடையது இரண்டரைக்கு மூன்றரை என்றால் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம், அந்தம்மாளும் தூங்கலாம். அளவு சரியாக இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, கார்டில் அச்சாகியிருக்கும் ஆரனின் கையெழுத்தைப் பாருங்கள். மையால் எழுதினதுபோல் கோடு முழுசாக இருக்க வேண்டும். கோடு புள்ளி புள்ளியாக உடைந்தால், யாரோ கார்டைப் படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். மடிப்பும் மழுங்கலும் உண்மைக்குச் சாட்சி ஆகிவிடாது. காபித் தண்ணீரில் நனைத்துப் பழசாக்குகிறவர்கள் உண்டு.

சரி, அது அசல்தான் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

உங்கள் சண்டையில் பாதி நியாயம் இருக்கிறது. டிஃபையன்ஸ் விஷயம் சுத்தமான குருட்டு அதிர்ஷ்டம்தான். அந்தத் தாத்தா இறைச்சிக்கடை வைத்திருந்தவர். 1910 வாக்கில் மிட்டாயோடு வந்த கார்டுகளைக் கட்டுக்கட்டாக நூலால் கட்டி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். அதன் மேல் ஒரு மரப் பொம்மை வீடு உட்கார்ந்திருந்தது. நூறு வருஷம் ஒரு கையும் படாததால் மூலைகள் கத்திபோல இருந்தன. ஆனால் ஒன்று, அங்கே விற்றவர் என்று யாரும் இல்லை. பாட்டன் சொத்து பேரப்பிள்ளைகளுக்கு வந்தது, அவ்வளவுதான். 2016இல் தென்மாநிலச் சிற்றூர் ஒன்றில் கொள்ளுத்தாத்தா வீட்டைக் காலி செய்தவர்கள், குப்பைக்குப் போக இருந்த கிழிந்த காகிதப் பைக்கு அடியில் டை காப் என்ற ஆட்டக்காரரின் ஏழு கார்டுகளைக் கண்டெடுத்தார்களே, அதுவும் இதே ரகம். இவற்றைப் புதையல் என்று சொல்லலாம். நான் எழுதியது புதையலைப் பற்றியல்ல, பேரத்தைப் பற்றி. ஒரு மேஜை, மேலே ஒரு கார்டு, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் ஒரு விலைச்சீட்டு. அங்கேதான் படிப்பு வேலை செய்கிறது.

அந்தக் காப் கார்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த வரிசை அது. சேகரிப்பவர்கள் டி206 என்பார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் கார்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான அகலம். முன்பக்கம் ஆட்டக்காரரின் வண்ணப்படம். பின்பக்கம் சிகரெட் விளம்பரம். பதினாறு பிராண்டுகள். பீட்மான்ட், ஸ்வீட் கப்ரால் இரண்டும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். டிரம், யூஸிட், லெனாக்ஸ் வந்தால் கண்ணை அகல விரிக்க வேண்டும். முன்பக்கம் ஒரே முகம், ஒரே தொப்பி, ஒரே சட்டை. பின்பக்கத்தை வைத்து விலை பத்து மடங்கு, ஐம்பது மடங்கு மாறும். அந்த ஏழு கார்டுகளின் பெருமையும் பின்பக்கத்தில்தான். முன்னால் காப், பின்னாலும் காபின் பெயரிலேயே வந்த புகையிலையின் விளம்பரம். அதற்கு முன் அப்படிப்பட்டவை உலகத்தில் சுமார் பதினைந்துதான் தெரிந்திருந்தன.

பிராண்டுகளின் பட்டியலை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'டோல்ஸ்டாய்' என்று ஒரு சிகரெட். புகையிலைக்கு எதிராகப் பக்கம் பக்கமாக எழுதிய கிழவர் 1910 நவம்பர் வரை உயிரோடு இருந்தார். அவர் பெயரை அங்கே பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிராண்டின் பெயர் 'ஹிந்து'. நம்மைக் கேட்காமலே நம்மையும் சேர்த்துவிட்டார்கள்.

அந்த 'ஹிந்து'தான் என் ஒரே பெரிய பேரம். பென்சில்வேனியாவில் ஆடம்ஸ்டவுன் என்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தை கூடும். விடியுமுன்னே டார்ச் லைட்டோடு போய்விட வேண்டும், வண்டியிலிருந்து இறக்கும்போதே நல்லதெல்லாம் கைமாறிவிடும். ஒரு வியாபாரி ஒரு பைண்டர் நிறைய டி206 வைத்திருந்தார். பிளாஸ்டிக் பக்கங்களில் எல்லாம் முன்பக்கம் தெரிய. 'எதை எடுத்தாலும் 25 டாலர்.' குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தாளாகத் திருப்பி டார்ச்சைப் பின்பக்கத்தில் அடித்தேன். பீட்மான்ட், பீட்மான்ட், கப்ரால், பீட்மான்ட். பதினோராவது தாளில் பழுப்பு மையில் 'ஹிந்து'. முன்னால் தென்மாநில லீக் ஆட்டக்காரர் ஒருவர், யாருக்கும் பெயர் ஞாபகமில்லாதவர், காதோரம் ஒரு கறை. நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று இன்னும் இரண்டு சாதாரணக் கார்டுகளையும் சேர்த்து 75 டாலரை நீட்டினேன். பேரம் பேசவில்லை. பேரம் பேசியிருந்தால் இன்னும் இயல்பாக இருந்திருக்கும் என்று காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

அதற்குப் பல மடங்கு விலை உண்டு. எனக்கு ஒரு துளி குற்ற உணர்ச்சியும் இல்லை. அவர் வியாபாரி. அந்த பைண்டர் அவரிடம் எத்தனை மாதமாக இருந்ததோ, ஒருமுறை திருப்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. என்னைப் போன்ற இன்னொருவரிடம் அவர் எனக்கு முன்பே எதையோ அடிமாட்டு விலைக்கு வாங்கியும் இருப்பார்.

தோற்றதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது தம்பட்டம். 1933ஆம் வருஷத்து கௌடி கார்டு ஒன்று, பபிள்கம்மோடு வந்தது, விளிம்பெல்லாம் பளிச்சென்று. 'அவனுக்குத் தெரியவில்லை, நமக்கு லாபம்' என்று ஒரு கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கார்டுகளைத் தரம் பார்த்துச் சொல்லும் கம்பெனிக்கு அனுப்பினேன். 'விளிம்பு நறுக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அகலத்தில் குறைந்தது அரை நூல்கூட இல்லை, அதிலும் பாதிதான். தெரியாதவன் நான்தான். என் துக்கத்துக்கு ஒரு கௌரவமான துணை உண்டு. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கார்டான ஹோனஸ் வாக்னர், அதிலும் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991இல் ஒரு பங்குதாரரோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கியது, 2007இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதன் விளிம்பை நறுக்கியது தான்தான் என்று அதைக் கைமாற்றிய வியாபாரி 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

உங்கள் நண்பர்கள் சிரித்தது இருக்கட்டும். 1990இல் இல்லினாயில் நடந்த ஒரு வழக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு கார்டு கடையில் நோலன் ரயனின் 1968ஆம் வருஷத்து முதல் கார்டு, விலை 1200 டாலர் என்று சீட்டு. அன்றைக்குக் கல்லாவில் நின்றவருக்குக் கார்டு தெரியாது. 12 டாலர் என்று படித்து ஒரு சிறுவனுக்கு விற்றுவிட்டார். கடைக்காரர் நீதிமன்றம் போனார். கடைசியில் இரு தரப்பும் சமாதானமாகி, கார்டை ஏலம் விட்டு, பணத்தைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்தார்கள். அதில் நான் சிறுவன் பக்கம். கடை என்று பலகை மாட்டியவர் தன் சரக்கின் விலையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தம்மாள் பலகை மாட்டவில்லை. வீட்டைக் காலி செய்கிறார். ஷூ டப்பாவை அவர் கண்ணால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கார்டுகளை 1954இல் வாங்கினது யார்? கணவராக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். அந்தத் தலைமுறையின் கார்டுகளெல்லாம் அம்மாக்கள் குப்பையில் போட்டுத் தொலைந்தவை. பையன் கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனதும் அறையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். டாப்ஸ் கம்பெனிக்கே கார்டுகள் மேல் மரியாதை இருக்கவில்லை. 1952ஆம் வருஷத்து வரிசையின் கடைசிப் பகுதி தாமதமாக, பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்ட பருவத்தில் வந்தது. விற்காமல் தேங்கியது. டாப்ஸின் சை பெர்கர் அதைத் திருவிழாக் கடைகளுக்குத் தள்ளிவிடப் பார்த்தார், யாரும் வாங்கவில்லை. 1960இல் கிடங்கில் இடம் வேண்டும் என்று ஒரு படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். அந்தப் பகுதியில்தான் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் கார்டு இருந்தது. தப்பிப் பிழைத்த ஒரு மேன்டில் 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தச் சூழலில் ஒரு பெண் ஒரு ஷூ டப்பாவை எழுபது வருஷம் வைத்திருந்திருக்கிறார் என்றால், உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த லாபத்தில் ஒரு பங்கு அவர் பத்திரப்படுத்தியதற்கான கூலி.

இதில் என் கையும் சுத்தமில்லை. பல வருஷம் முன்பு இதேபோல் ஒரு முதியவரின் வீட்டு முற்றத்தில் வாங்கிய ஒரு கட்டுக் கார்டுக்கு, தெரிந்தே, 'இதெல்லாம் பசங்க விளையாட்டுக்கு' என்று சொல்லி இன்னும் இரண்டு டாலர் குறைத்தேன். அந்த இரண்டு டாலர்தான் உறுத்துகிறது, கார்டுகள் அல்ல. நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியாது. சட்டப்படி யாருக்கும் நீங்கள் ஒரு சென்ட் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது, அவரும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்.

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒரு மூதாட்டி 2008இல், 1869ஆம் வருஷத்து சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் கார்டை இபேயில் பத்து டாலருக்குப் போட்டார். அமெரிக்காவின் முதல் தொழில்முறை பேஸ்பால் அணி அது. உடனே வந்து குவிந்த விசாரிப்புகளைப் பார்த்துச் சந்தேகம் வந்து விற்பனையை நிறுத்தினார். பிறகு ஏலத்தில் 75,000 டாலருக்கு மேல் போனது. எழுதியவர்களில் ஒருவர்கூட உண்மையான விலையைச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களின் அவசரம்தான் அவருக்குச் சேதி சொன்னது.

ஆரன் அசல் என்றால், இந்த நிலையிலும் நல்ல விலை போகும். சனிக்கிழமை போங்கள், அவர் வீட்டைக் காலி செய்வதற்குள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், போய்ச் சொல்லச் சொன்னது அவர்தானே. ஷூ டப்பாவை அப்படியே கொண்டுபோய் மேஜையில் வைத்து, இது யாருடையது என்று கேளுங்கள், விலையை அப்புறம் சொல்லலாம். பாதி கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். டப்பாவே திரும்ப வேண்டும் என்றால் 15 டாலரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பையனுக்கு இப்போதைய பாக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும், அவன் வயதுக்கு ஆரனும் அதுவும் ஒன்றுதான்.

போகும்முன் டப்பாவில் மற்றக் கார்டுகளையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 1954ஆம் வருஷத்துக்கு முந்தியவை ஏதாவது இருந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.