உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் ரேஷன் அரிசி நின்றுவிடுமா?

நிற்காது. ஏழைகளுக்கு மலிவாகவோ இலவசமாகவோ அரிசி கொடுப்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் உச்சவரம்பு கிடையாது. சிக்கல் இருப்பது ரேஷன் கடையில் அல்ல, நெல் கொள்முதல் நிலையத்தில்.

1995-இல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தப்படி, அரசு தானே விலை அறிவித்து நெல் வாங்கி இருப்பு வைத்தால், அந்த விலைக்கும் 1986-88 உலகச் சந்தை விலையை வைத்து நிர்ணயித்த ஒப்பீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் உழவர் மானியமாகக் கணக்காகும். வளரும் நாடுகளில் அது அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2018-19-இல் சாதாரண ரக நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி என்பது அரசுக் கணக்கு. அப்படியானால் அரிசி டன்னுக்குச் சுமார் 26,100 ரூபாய். பழைய ஒப்பீட்டு விலை 3,520 ரூபாய். ரூபாயில் கழித்தால் டன்னுக்கு 22,600 ரூபாய் மானியம்! இந்தியா டாலரில் கழிக்கிறது: சுமார் 370-இலிருந்து பழைய ஒப்பீட்டு விலையான 262.51 போனால் மிச்சம் சுமார் 110 டாலர்தான். முப்பது வருட விலைவாசி உயர்வை மானியம் என்பது அநியாயம். டாலர் கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்த சண்டை, இந்த டன் மானியத்தை எத்தனை டன்னால் பெருக்குவது என்பது. கொள்முதல் செய்த அளவை மட்டுமே இந்தியா எடுக்கிறது. அப்படியும் அந்த ஆண்டு 11.46 சதவீதம் வந்தது. 2018-இல் அமெரிக்கா முந்தைய சில ஆண்டுகளுக்கு ரூபாயிலும் மொத்த விளைச்சலிலும் போட்ட எதிர்க்கணக்கு 70 சதவீதத்தைத் தாண்டியது. டன் அளவு விஷயத்தில் இந்தியாவின் வாதம் பலவீனம். 2000-இல் உலக வர்த்தக அமைப்பில் நடந்த கொரிய மாட்டிறைச்சி வழக்கில், வாங்கிய அளவல்ல, அந்த விலை பெறத் தகுதியுள்ள அளவே கணக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. வரும் நெல்லையெல்லாம் வாங்குவோம் என்றால் தகுதியுள்ள அளவும் பெருகிவிடும்.

நம்மைக் காப்பது உலக வர்த்தக அமைப்பின் 2013 பாலி மாநாட்டில் கிடைத்த சமாதான ஷரத்து. நிரந்தரத் தீர்வு வரும்வரை, இந்த வரம்பு மீறலுக்காக வழக்குப் போட மாட்டார்கள். இந்தியா 2020-இல் முதன்முதலாக இதைப் பயன்படுத்தியது. ஆனால் 2013 டிசம்பர் 7 அன்று நடப்பில் இருந்த திட்டங்களுக்கும் பாரம்பரிய முக்கிய உணவுப் பயிர்களுக்கும்தான் இது பொருந்தும்.

ஊட்டச்சத்து அடிபடுவது இங்கேதான். அரிசி வயிற்றை நிரப்பும்; புரதத்துக்கும் இரும்புச்சத்துக்கும் பருப்பும் கம்பும் கேழ்வரகும் வேண்டும். அவற்றுக்குப் புதிதாகக் கொள்முதல் திட்டம் தொடங்கினால் சமாதான ஷரத்தை நம்ப முடியாது.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 10 சதவீதம் பயிர்வாரியாகத்தான். நெல்லின் மீறல் கேழ்வரகில் ஏறாது. தமிழ்நாடு ரேஷன் துவரம் பருப்பை வாங்குவதுபோல டெண்டரில் சந்தை விலைக்கு வாங்கினால் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. ஆனால் உழவருக்கு நிச்சய விலை கிடைக்காது, நெல்லை விட்டு அவர் மாறவும் மாட்டார். அவரை மாற்ற ஆதரவு விலைதான் வேண்டும் என்றால், இத்தனை டன்தான் வாங்குவோம் என்று விதைப்புக்கு முன்பே அரசாணையில் எழுதிவிட வேண்டும். அறுவடைக்குப் பிறகு சொல்லும் வரம்பு வழக்கில் நிற்காது.