படிக்கத் திணறும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. எழுத்துகளை வரிசையாகக் கேட்டால் சொல்லிவிடுகிறான். வாசிக்கும்போது 'கொடி' என்பதைக் 'கெடி' என்கிறான். 'வேலை' என்பதை 'வலை' என்கிறான். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மகனின் தவறுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வருகின்றன: உயிர்க்குறிகளில். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. அவசரத்தில் கொம்பையோ துணைக்காலையோ (ா) விட்டுவிடுகிறான். 247 எழுத்துகளையும் மறுபடி ஒப்பிக்க வைப்பதால் இது சரியாகாது. வரிசை அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

தினமும் 15 நிமிடம் போதும். க, ப, ம, வ என்று நான்கு எழுத்துகளை மட்டும் எடுங்கள். முதலில் கால்: கா, பா, மா, வா. அட்டைகளில் எழுதிக் கலைத்துப்போட்டுக் கேளுங்கள். பத்தில் ஒன்பது சரியானால் அடுத்த குறிக்குப் போங்கள். கொம்பு, இரட்டைக் கொம்பு வரும்போது குறியைச் சிவப்பு மையில் எழுதி, குறிகளை விரலால் தொட்ட பிறகே வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஒகர, ஓகாரக் குறிகள் கடைசியில்தான். கெ, கே தடுமாற்றமின்றி வந்த பிறகு கெ, கே, கொ, கோ நான்கையும் கலந்து கேளுங்கள்.

கு, சு, து, மு போன்றவற்றில் குறி ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. ஆகவே அவற்றை முழு எழுத்தாகவே, வாரத்துக்கு மூன்று நான்காகப் பழக்குங்கள்.

படம் பார்த்து ஊகித்தால், வாசிக்கும் வரை படத்தை மூடி வையுங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு மகள் ஒற்றை விடுகிறாள், ன-ண-ந குழப்புகிறாள். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதவைத்தும் பலனில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பத்து முறை பார்த்து எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். கை நகர்கிறது, காதுக்கு அதில் வேலையே இல்லை. சொல்லைப் பார்த்து, உரக்கச் சொல்லி, மூடிவிட்டு எழுதி, திறந்து ஒப்பிடட்டும். இப்படி மூன்று முறை போதும்.

ஒற்றுக்குக் கைதட்டல் உதவும்: 'ப-டம்', 'பட்-டம்'. முதல் தட்டிலேயே ஒலி அடைபட்டு நின்றால் அங்கே ஒற்று உண்டு.

ன-ண-ந குழப்பத்தில் பெரும்பகுதி இன எழுத்திலேயே தீரும். ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் முதலில் இம்மூன்றில் ந மட்டுமே வரும். மிச்சமிருக்கும் பனி-பணி, மனம்-மணம் போன்றவற்றைத்தான் மனத்தில் பதிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கற்பித்தால் குழப்பம் கூடும். ஒன்று உறுதியான பிறகு மற்றதைக் கொடுங்கள். ல-ள-ழ சொற்களுக்கும் இதே வழிதான்.

நோட்டில் எல்லாப் பிழையையும் சுழிக்காதீர்கள். அந்த வாரம் பழகும் பிழையை மட்டும் திருத்துங்கள். இல்லாவிட்டால் தெரிந்த நாலு சொல்லுக்குள்ளேயே எழுதி முடித்துவிடுவாள்.

கேள்வி: இது டிஸ்லெக்சியாவா (வாசிக்க, எழுதத் திணறவைக்கும் கற்றல் குறைபாடு) என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஓசூர்

பதில்: முதலில் கண், காது பரிசோதனை. அவை சரியாக இருந்து, சில மாத முறையான பயிற்சிக்குப் பிறகும் தடுமாற்றம் தொடர்ந்தால் முறைப்படி மதிப்பீடு செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. அரசுப் பள்ளியென்றால் தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையச் சிறப்பாசிரியரை அணுகுங்கள். பிள்ளை பார்க்காமல் எழுதிய பக்கங்களைத் திருத்தாமல் அப்படியே எடுத்துப் போங்கள். எந்த வகைப் பிழை என்பது அதில்தான் தெரியும்.